மூன்றாவது ஃபேடரில் ஃபிலோ இல்லை

ஒரு பாடகியின் குரலை ஒருமுறை அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருந்தேன். ஏற்றும்போதெல்லாம் "இப்ப பரவாயில்லை" என்று தலையை வேறு ஆட்டிக்கொண்டேன். அவ்வளவு நேரமும் நான் ஏற்றியது அவர் குரலையே அல்ல. ஒலிப்பதிவுத் தொழிலில் எனக்கு அப்போது இருபத்தாறு வருட அனுபவம்.

ராயபுரத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடியில் என் ஸ்டூடியோ. பழைய பெரிய மிக்ஸரை விற்றுவிட்டு, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மிக்ஸரை மேசையிலிருந்தே இயக்கும் கண்ட்ரோல் சர்ஃபேஸ் ஒன்று வாங்கியிருந்தேன். அதில் இருப்பது எட்டே ஃபேடர்; ஒரு குரலோ வாத்தியமோ பதிவாகும் சேனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்கள். 'பேங்க்' பட்டனை அமுக்கினால் அதே எட்டும் ஒன்பது முதல் பதினாறு வரையான சேனல்களுக்கு மாறிக்கொள்ளும். எந்த ஃபேடரில் எந்தச் சேனல் என்று மேலே குட்டி டிஸ்ப்ளேயில் பெயர் தெரியும்.

தெரிந்திருக்கும். நான்தான் அதன் மேல் டேப் ஒட்டிவிட்டேன். பழைய மிக்ஸரில் ஃபேடர் வரிசைக்கு வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் பெயர் எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். எழுதாமல் ஆரம்பித்தால் சட்டை போடாமல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். புது மெஷினில் டேப் ஒட்ட வாகான இடம் அந்த டிஸ்ப்ளேதான். மூன்றாவது ஃபேடருக்கு 'ஃபிலோ' என்று எழுதினேன். ஒவ்வொரு ஃபேடரும் நிற்க வேண்டிய அளவுக்குப் பக்கத்தில் கோடும் போட்டேன்.

ஃபிலோ என்கிற ஃபிலோமினா, எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் முனையத்தில், அறைக்குள் உட்கார்ந்தபடியே கிரேன்களை ரிமோட்டில் ஓட்டும் ஆபரேட்டர். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பத்து வருடமாக இரண்டாவது வரிசை. திருவிழாப் பாட்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தனிக்குரல். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட். மற்றவர்கள் பாடியதெல்லாம் முந்தின வாரமே பதிவாகி இருந்தது. ஆண்கள் கோரஸ் பதினோராவது சேனலில்.

டீ கிளாஸை சர்ஃபேஸ் ஓரத்தில் வைத்தேன். அது பேங்க் பட்டன் மேல் உட்கார்ந்து அதை அமுக்கியிருக்கிறது; நான் பார்க்கவில்லை. எட்டு ஃபேடரும் மோட்டாரில் சர்ரென்று தானாக நகர்ந்தன. வோல்டேஜ் தகராறு என்று தீர்மானித்து, ஒவ்வொன்றையும் அதனதன் கோட்டுக்கே திருப்பி வைத்தேன். என் கவனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பதிவு ஆரம்பித்தது. பாட்டுக் குழுவின் தலைவர் இன்னாசி மாஸ்டர் என் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, ஆம்பளைங்க ஏறிக்கினே போறானுங்கோ, பொண்ணு எறங்கிக்கினே போவுது."

"மைக்கை விட்டுத் தள்ளி நிக்கிறாங்க மாஸ்டர்" என்று மூன்றாவது ஃபேடரை இன்னும் ஏற்றினேன்.

பாடும் அறையிலிருந்து ஃபிலோ, "அண்ணே, ஹெட்ஃபோன்ல என் கொரலே எனக்குக் கேக்கல" என்றார்.

"வெந்நீர் குடிம்மா."

நாலு டேக். நாலு டம்ளர் வெந்நீர். கடைசியில் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சோலோவுக்குக் கொரல் பத்தல. நம்ம குழு ரெஜினாவைக் கூப்டுக்கலாம். ஃபிலோ கோரஸ்லயே நிக்கட்டும்."

அதற்குள் பையை மாட்டிக்கொண்டு ஃபிலோ வெளியே வந்துவிட்டார். காதில் விழுந்திருக்க வேண்டும். வந்து என் பின்னால் நின்றார். நான் மானத்தைக் காப்பாற்ற, கடைசி டேக்கை ஓடவிட்டு மறுபடி ஃபேடரைத் தொட்டேன்.

"அண்ணே, கைய எடுங்க."

எடுத்தேன்.

"திரும்ப அதையே தொடுங்க."

தொட்டேன்.

"நீங்க தொடுறது மூணு. ஸ்கிரீன்ல பளிச்சுனு ஆவுறது பதினொண்ணு."

பார்த்தேன். தொட்ட சேனல் திரையில் செலக்ட் ஆகி வெளிச்சமாகும். அரை மணி நேரமாக ஆகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"எங்களுக்கு ஒரு டெஸ்க்கு, அஞ்சு கிரேன்" என்றார் ஃபிலோ. "எது கையில கீதுன்னு ஸ்கிரீன்ல பாத்து, பேரை வாய்வுட்டுச் சொல்லிட்டுத்தான் ஸ்டிக்கைத் தொடணும். இல்லாங்காட்டி நான் இங்க இழுக்க, அங்க எவன் லாரியோ தூக்கினு போவும்."

சொல்லிக்கொண்டே 'ஃபிலோ' டேப்பை நகத்தால் உரித்தார். அடியில் 'ஜென்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். மறுபடி வோல்டேஜ் மேலேயே பழி போடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "தப்பு என்னுது மாஸ்டர். அவங்க குரல்ல ஒண்ணும் இல்லை. நான் ஏத்துனதெல்லாம் உங்க ஆளுங்களை."

பேங்கைத் திருப்பி, கோரஸை இறக்கினேன். ஃபிலோ உள்ளே போனார். ஒரே டேக். மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒன்றேகாலுக்கு ஃபிலோ ஸ்கூட்டியில் எண்ணூர் கிளம்பினார்.

அன்றிலிருந்து திரையைப் பார்த்து, சேனலின் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஃபேடரில் கை வைக்கிறேன். நான் ஜெபம் பண்ணுவதாகச் சில வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். டேப் ரோல் அலமாரியில் தூங்குகிறது.

திருவிழா அன்று குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு ஓடியது. கூட்டத்தில் ஃபிலோவைப் பார்த்து, "பேரைச் சொல்லாம இப்பல்லாம் ஃபேடரைத் தொடறதே இல்லம்மா. இருபத்தாறு வருஷத்துல நான் கத்துக்கிட்ட பெரிய பாடம் இது" என்றேன்.

ஃபிலோ பாட்டிலிருந்து காதை எடுக்காமல் சொன்னார்: "அத எங்களுக்கு மொத நாளு, டீ குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டாங்கண்ணே."