அண்ணனின் எட்டு வாரம்

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டிருந்தார். அண்ணனுக்குக் குரோன்ஸ் நோய். குடல் உள்ளுக்குள்ளேயே புண்ணாகி வீங்கி, பதிமூன்று வயதுப் பையன் ஒன்பது வயதுக்காரியான என் எடைதான் இருந்தான். எட்டு வாரத்துக்கு டின் பவுடரைக் கலக்கிக் குடிப்பதைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது, குடல் ஆற அதுதான் மருந்து என்றார் திருநெல்வேலி டாக்டர். அப்பா வாத்தியார். உடனே வேளாவேளைக்கு டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்.

சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுப் பிரியாணி வாசம் எங்கள் தெருமுனை வரைக்கும் வரும். ஒருவனைப் பார்க்கவைத்துத் தின்பதோ எங்கள் வீட்டில் மகா பாவம். அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே விழுங்கினாள். அப்பா வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். எனக்குச் சோறே இறங்கவில்லை. டம்ளரும் கையுமாக அண்ணன் மட்டும்தான் நிம்மதியாக இருந்தான். ஐந்தாவது வாரம் மலத்தோடு ரத்தம் போவது நின்று, கன்னம்கூடக் கொஞ்சம் தேறியிருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டப்பா முந்திரிக்கொத்து வந்தது. எண்ணெயில் பொரித்த பலகாரம். ஒன்றை எடுத்துப்போய் அண்ணனிடம் நீட்டினேன். வேண்டாம் என்றான். நான் நகரவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றேன்.

“சரி, கொண்டா. அம்மைட்ட சொல்லாதட்டி.”

அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். டப்பா காலியாகும்வரை தினம் ஒன்று கொடுத்தேன்.

ஏழாவது வாரம் அவன் வயிறு உப்பி, பச்சை பச்சையாக வாந்தி எடுத்தான். குடல் அடைத்துவிட்டது, ஒரு பகுதியை வெட்ட வேண்டும் என்றார்கள். பவுடரைத் தவிர என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது நான் அப்பா முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அதற்குள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“வெறும் பவுடர்ல பிள்ளைக்கு எப்படி பெலன் வரும்னு மத்தியானம் ஒரு உருண்ட நெய்ச்சோறு குடுத்தேன் சார்.”

அப்பா சுவரைப் பார்த்தபடி, சாயங்காலம் பைக்கில் கூட்டிப்போய்ப் பொரித்த கோழி வாங்கிக் கொடுத்ததைச் சொன்னார். அதனால்தான் அடைத்ததா, எப்படியும் அடைத்திருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் வாயைத் திறக்கவில்லை. பழி அவர்களோடு போயிற்று என்று சந்தோஷம்கூடப் பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து, மலம் இறங்க வயிற்றில் பை மாட்டிப் படுத்திருந்தவனிடம், கெடுதல் என்று தெரிந்தும் ஏன் தின்றாய் என்று கோபமாகக் கேட்டேன்.

“நான் தின்னாத்தான நீங்கள்லாம் போய்ச் சாப்பிடுதிய.”

மயக்கம் தெளியாமல் உளறுகிறான் என்று நினைத்தேன். சோற்று ஆசை அவனுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. எங்கள் வயிறு நிறையட்டும் என்றுதான் மூன்று பேர் கையிலும் வாங்கித் தின்றிருக்கிறான். அதெல்லாம் அன்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு நல்ல பசி. அவன் கட்டிலிலேயே உட்கார்ந்து, அப்பா வாங்கி வந்த இட்லியை ஒன்றுவிடாமல் தின்றேன்.