கல் அடுக்கிய சரிவு

கல்லோடு கல் மோதினால் தீய்ந்த முடிபோல ஒரு வாசனை வரும். எனக்குப் பத்து வயதான ஆண்டின் பள்ளி விடுமுறை முழுவதும் என் மூக்கில் அந்த வாசனைதான். இலங்கை மலைநாட்டில் ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டமொன்றில், நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே தேயிலை பட்டுப்போன சரிவில், "மரக்கறி போட்டுக்கோங்க" என்று தோட்டத்துத் துரை வெறும் வாயால் சொன்னதை நம்பி அப்பா போஞ்சி நட்டிருந்தார். முதல் மழையே மண்ணையும் விதையையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடியக் குறுக்கே வெட்டும் "கான் வெட்டு" அப்பாவின் அன்றாட வேலை. துரையின் மண்ணுக்குச் செய்வதை நமக்கும் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நம்ம பேருக்கு எழுத்து இல்லாத மண்ணுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? போட்டமா, புடுங்குனமான்னு இருங்க" என்றார். "மண்ணு போச்சுன்னா அப்புறம் எதுல போடுவ?" என்று அப்பா சிரித்தார். தம்பியும் நானும் கொழுந்துக் கூடையில் கல் சுமந்து முதுகு உரிந்தோம். அப்பா குறுக்கே கல் அடுக்கிக் கான் வெட்டினார்.

மூன்றாம் போகத்தில் மண் கறுத்து, மிதித்தால் கால் புதைந்தது. கீழே வீதியிலிருந்து பார்த்தால் அந்தச் சரிவு மட்டும் பச்சைப்பசேலென்று தெரியும். துரைக்கும் தெரிந்தது. தேயிலை நாற்றுக்குத் தோதான மண் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். ஒரே கிழமையில் கம்பிவேலி வந்துவிட்டது. கல் அடுக்காமல் விட்டிருந்தால் வெறும் கரடென்று எங்களிடமே விட்டிருப்பார்கள். அப்பா பிறகு வேறொரு சரிவில் பாத்திகளை மேலிருந்து கீழே நேராகப் போட்டார். மழையில் மண் சிவப்பாக ஓடுவதை வாசலில் நின்று பார்ப்பார். தான் சொன்னது பலித்துவிட்டதே என்று அம்மாவுக்குத்தான் ஆத்திரம்.

இன்று அப்பா இல்லை. மலைக்காணியில் மண்ணைக் காக்கச் சொல்லி விவசாயிகளுக்கு எடுத்துரைப்பது கண்டியில் எனக்கு உத்தியோகம், வயிற்றுப்பிழைப்பு. போன மாதம் அந்தச் சரிவுக்கே அனுப்பினார்கள். நாற்றுமேடையைக் கைவிட்டுவிட்டார்கள், கற்களையும் வேறெதற்கோ பெயர்த்துப் போயிருந்தார்கள். அந்தக் கறுத்த மண்ணில் ஒரு பிடிகூட மிச்சமில்லை. தம்பி அங்கே போஞ்சி போட்டிருந்தான், மேலிருந்து கீழே நேராக.

கான் வெட்டச் சொன்னேன். "அக்கா, காணி நம்ம பேருக்கு வந்திருச்சா?"

"இல்ல."

"அப்ப இது இப்புடியே கெடக்கட்டும். நல்லாக்குனா புடுங்கிருவாங்க."

அலுவலகப் படிவத்தில் 'மண்காப்புச் செய்யாத காரணம்' என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: விவசாயிக்கு விளக்கமில்லை, விருப்பமில்லை. கூடவே கல் சுமந்த என் தம்பிக்கு விளக்கமில்லை என்று குறியிட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.