முதிரையடி ஸ்டேசனின் படம்

ஞானசுந்தரம் பதினாறு வருடம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட அவரிடம் இருக்கவில்லை. நியமனக் கடிதம், உத்தியோக அட்டை எல்லாம் மட்டக்களப்புப் பாதையிலிருந்த முதிரையடி ஸ்டேசன் அலுமாரியில் கிடந்தன. ஸ்டேசனுக்குள் இராணுவம் இருந்தது.

1986 ஒக்டோபரில் மொன்றியலில் அவருடைய அகதி விசாரணை நடந்தது. குடிவரவு அதிகாரி நடுத்தர வயதுப் பெண். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் மகேந்திரராசா, யாழ்ப்பாணத்துக்காரர். ஞானசுந்தரத்துக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனாலும் சத்தியம் செய்து சொல்வதைச் சொந்த மொழியில் சொன்னால்தான் பிசகாது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

"ஐயா, நீங்கள் அங்கை வேலை செய்ததை எப்பிடி நம்புறது எண்டு கேக்கிறா," என்றார் மகேந்திரராசா.

ஞானசுந்தரம் சொன்னார்: "ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் தரச்சொல்லுங்க."

முதலில் நீளமாக ஒரு கோடு. அது ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேசனுக்கு முன்னால் அது இரண்டாகப் பிரிந்து, மறுபக்கம் மீண்டும் ஒன்றாகியது. எதிரெதிராக வரும் கோச்சிகள் விலகிப் போவதற்கு அந்த இரண்டாவது தண்டவாளம். வடக்கே மேடை. மேடையில் டிக்கட் அறை, அவருடைய அறை. மேற்குக் கோடியில் தண்ணீர்த் தாங்கி. எதிர்ப்புறம் மரம் ஏற்றுகிற கொட்டகை.

"வெள்ளக்காரன்ட காலத்துல முதிரை மரம் ஏத்தத்தான் இந்த ஸ்டேசனக் கட்டின. காடு குறைஞ்சதும் மரம் நிண்டு போச்சு. பிறகு நெல்லு. எழுபத்தெட்டுச் சூறாவளியில கொட்டகைக் கூரை பறந்து வயலுக்குள்ள விழுந்திட்டு. விடிஞ்ச கையோட நானும் மனிசியும் கோடாலி எடுத்துக்கொண்டு போய்த் தண்டவாளத்துல விழுந்த மரத்த வெட்டினம். மூணு நாள். நாலாம் நாள்தான் ஆக்கள் வந்தாங்க."

அதிகாரி அவருடைய அறைக்குள் வரைந்திருந்த சின்னச் சதுரத்தைக் காட்டிக் கேட்டாள். மகேந்திரராசாவுக்கு அதன் பெயர் தெரியவில்லை. சட்டத்தரணி சொன்னதை மறந்து ஞானசுந்தரம் தானே ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். அது ஒரு இரும்புப் பெட்டி. அதிலிருந்து எடுக்கிற வட்டத் தட்டை ஓட்டுநர் கையில் கொடுத்தால்தான் கோச்சி ஸ்டேசனை விட்டு நகரலாம். ஒரு தட்டு வெளியே போனால், அது அடுத்த ஸ்டேசனுக்குப் போய்ச்சேரும்வரை இன்னொன்று பெட்டியிலிருந்து வராது. அதனால் ஒரே பாதையில் இரண்டு கோச்சி முட்டாது. பதினாறு வருடத்தில் ஒருநாளும் தன் கை பிசகவில்லை என்றார்.

மேடைக்குப் பின்னால் கடைசியாக ஒரு வீடு வரைந்தார். அதன் குசினிச் சன்னலையும் வரைந்தார். அதிகாரி கேட்காமலே சொன்னார்:

"அதால பாத்தா சிக்னல் கைகாட்டி தெரியும். கோச்சி வாறதுக்குக் கைகாட்டி விழுந்தா என்ட மனிசி தேத்தண்ணி போடுவா. கோச்சி போய் நான் வீட்டுக்குள்ள வர, கோப்பை மேசையில இருக்கும்."

"உங்கள் மனைவி இப்போது எங்கே?" என்றாள் அதிகாரி.

ஞானசுந்தரம் பென்சிலை வைத்தார். இராணுவக் கோச்சி வரும் நேரத்தை வெளியே சொன்னதாகச் சந்தேகப்பட்டு அவரைப் பதினொரு நாள் முகாமில் வைத்திருந்தார்கள். விட்ட அன்றே மனைவி புஷ்பவதி, "நீங்க போங்க. இன்னொருக்காப் புடிச்சா விடமாட்டாங்க," என்றாள். அவள் வரவில்லை. அவளுடைய அண்ணன் அரியரத்தினத்தை அதே வாரம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அண்ணன் வெளியே வரும்போது முகாம் வாசலில் யாராவது நிற்கவேண்டும் என்று மட்டக்களப்பில் தங்கையின் வீட்டில் இருந்துவிட்டாள்.

பதினொரு மாதம் கழித்து அவரை அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது. மொன்றியலின் லாசால் பகுதியில் நான்கு பேரோடு ஓர் அப்பார்ட்மெண்டில் இருந்தார். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. மத்தியானம் வேலை முடிந்ததும் மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓட, அவர் டோர்வல் ரயில் நிலையத்துக்கு நடப்பார். பனி கொட்டினாலும் மேடையில் நின்று இரண்டு வண்டியாவது பார்ப்பார். வண்டி நிற்கும், கதவு மூடும், போய்விடும். கொடி பிடிக்க ஒருவரும் வெளியே வருவதில்லை. அது அவருக்குக் கடைசிவரை பழகவில்லை.

ஒருநாள் அங்கே கூட்டித் துடைக்கிற கிழவர், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். "மனைவிக்காக," என்றார் ஞானசுந்தரம், பிழையான பிரெஞ்சில். எந்த வண்டியில் வருகிறாள் என்று கிழவர் கேட்டபோது, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஞாயிறுகளில் புஷ்பவதிக்குப் போன் எடுப்பார்.

"ஸ்பொன்சர் கடதாசி எல்லாம் போட்டுட்டன். கொழும்புக்கு வந்தாச் சரி."

"அண்ணன் வரட்டுங்க. மறுகா வாறன்."

"அவன் வராட்டி?"

அவர் பேச்சை மாற்றுவார். கோச்சி ஓடுதா என்று கேட்பார். ஓடுது, நிக்குது, என்பாள். ஒருமுறை அவருக்காகவே முதிரையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "வீட்டுக்குக் கூரை இல்ல. மேடை மட்டும் கிடக்கு. இனிமேல் அத என்னக் கேக்காதீங்க." அவர் கேட்கவில்லை.

எண்பத்தொன்பது தை மாதம், முகாமிலிருந்து விடுபட்ட ஒருவர் புஷ்பவதியைத் தேடி வந்தார். அரியரத்தினம் பிடிபட்ட இரண்டாம் மாதமே இறந்துவிட்டதாகவும், தானே பக்கத்தில் இருந்ததாகவும் சொன்னார். மூன்றரை வருடம் அவள் முகாம் வாசலில் நின்றது இல்லாத ஒருவருக்காக.

சித்திரையில் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது. இந்த நாளுக்காக ஞானசுந்தரம் எத்தனையோ பேச்சைச் சேர்த்து வைத்திருந்தார். அவளைக் கண்டதும் பெட்டியை வாங்கிக்கொண்டு, "குளிருதா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்," என்றாள்.

அவளுக்காக எடுத்திருந்த ஒற்றை அறை வீட்டுக்குள் வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்து, சேலை மடிப்புக்குள்ளிருந்து அண்ணனின் படத்தை எடுத்தாள்.

"இத எங்க வைக்கலாம்?"

ஞானசுந்தரம் பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி வந்தார். அவள் காட்டிய சுவரில் ஆணி அடித்தார். கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்றாள். கதிரையில் ஏறி நின்று, அவள் போதும் என்று சொல்லும்வரை அதை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.