மூன்று தடவை கூப்பிட்ட பாட்டு

மலாயாவில், ஈப்போ கிராமபோன் கடையில் நான் சேர்ந்த மூன்றாம் வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், முதலாளி ஒரு நாள் என் பெட்டியிலிருந்து ஓர் இசைத்தட்டை, நாங்கள் பிளேட்டு என்போம், எடுத்து வெளியே வைத்தார். காதலியைப் பறிகொடுத்தவன் பாடும் பழைய பாட்டு அது. எத்தனை நாடகப் பாட்டுகள் வந்து போனாலும், நான் பெட்டியோடு போய் விற்கும் ரப்பர்த் தோட்டங்களில் அதைத்தான் போடச் சொல்வார்கள்.

"கீறல் பிளேட்டப் போட்டுக் கடை மானத்த வாங்காதே. அதே பாட்டு புதுசு வந்திருக்கு. இதுவும் விக்கலன்னா தோட்டத்துக்குப் போற வேலையே வேணாம்" என்றார்.

தோட்டச் சுற்று நின்றால் கடையில் எனக்கு வேறு வேலை கிடையாது.

அந்தக் கீறல் "போனாயே" என்ற சொல்லில் இருந்தது. ஊசி அங்கே ஒரு விக்கலோடு மாட்டிக்கொண்டு அதையே திரும்பப் பாடும். தானாகத் தாண்டுமா என்று ஒரு தடவை விட்டுப் பார்ப்பேன். மூன்றாம் தடவை, ஊசி மாட்டிய சவுண்ட் பாக்ஸை விரலால் மெல்லத் தள்ளிவிடுவேன். வெறும் கைப்பழக்கம்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், சம்பள நாள் மாலை, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் புதுப் பிளேட்டை வைத்தேன். முன்னால் பால்வெட்டுக்கார முத்தையா உட்கார்ந்திருந்தார். முந்தின மழைக்காலத்துக் காய்ச்சலில் மனைவியை இழந்தவர். மாதந்தோறும் இந்தப் பாட்டுக்கு வருவார், கேட்டதும் போய்விடுவார்.

பாட்டு துல்லியமாக ஒலித்தது. "போனாயே" ஒரு தடவை வந்து கடந்தது. முத்தையா எழுந்துவிட்டார்.

"இது அந்தப் பாட்டு இல்லலா அண்ணே."

பாட்டும் அதுதான், பாடியவரும் அவர்தான் என்றேன்.

"இவன் ஒரு தடவ கூப்பிட்டுட்டுப் போயிடுறான். பழய பிளேட்டுல அவன் மூணு தடவ கூப்பிடுவான். போனவள ஒரு தடவையா கூப்பிடுவாங்க?"

"நான் போனா எங்க வூட்டு ஆளு சோத்துக்குத்தான் கூப்பிடும்" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள், முத்தையாவைத் தவிர. வாங்க ஒருவரும் முன்வரவில்லை.

ஊசியை மாற்றி, சாவி கொடுத்து, மறுபடி வைத்தேன். அந்தச் சொல் வந்ததும் சவுண்ட் பாக்ஸைத் தூக்கி, அந்தச் சொல்லுக்குச் சற்று முன்னால் மறுபடி இறக்கினேன். இன்னொரு தடவையும் அப்படியே. களமே சேர்ந்து பாடியது. கீறல் போட்ட சின்ன விக்கலைக்கூட, புதுப் பிளேட்டில் அது இல்லாதபோதும், ஒருவர் பாக்கியில்லாமல் விக்கினார்கள். முத்தையா உட்கார்ந்தார்.

கங்காணி ஒரு பிளேட்டு வாங்கினார். "எனக்கும் அந்தத் தூக்கு கத்துக் குடுலா" என்றார். மற்ற தோட்டங்களிலும் அப்படியே செய்தேன். பெட்டி காலியாகத் திரும்பியது. சுற்று நிற்கவில்லை.

சில வருஷம் கழித்து ஆயர் தாவார் பக்கம், நான் ஒருமுறைகூடப் போகாத தோட்டத்தில், புல்வெட்டும் பெண்கள் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை, நடுவில் அதே விக்கல். காதல் பாட்டுகள் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இப்படி ஒரு பாடல் உருவானதை எதிலும் படித்ததில்லை. என் விரலை அங்கே யாருக்கும் தெரியாது. வண்டியை நிறுத்தி, பாட்டு முடியும்வரை கேட்டேன்.

பிளேட்டு விற்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாட்டை நீங்கள் போட்டுக் காட்டுமுன், வாங்கப்போகிறவர்கள் அதைப் பாடிக் கேளுங்கள்.