சித்தியின் கழுத்தும் என் வலது காலும்

நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அதனால் திருத்தணியில் எங்கள் தெருவுக்கு நான்தான் சுளுக்கு வைத்தியர். காலால் பிறந்த பிள்ளை மூன்று தரம் காலால் நீவிவிட்டால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எட்டு வயதுக்குள் எத்தனை முதுகு, எத்தனை இடுப்பு! பொதட்டூர்பேட்டையிலிருந்து துணி மூட்டை தூக்கி வந்த ஓர் ஆள், என் பாதம் பட்டதும் நிமிர்ந்து நின்று, "காலா இது? பெரியாஸ்பத்திரி டாக்டரு கையி!" என்றார். அன்று முழுக்கப் பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தேன், கால் எல்லாருக்கும் தெரியட்டும் என்று.

சித்தி தெலுங்கு பேசும் நகரிப் பக்கத்துப் பெண். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; நைனாவின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்கு வினோதமான கழுத்து. சில நாள் கிணற்றடியிலிருந்து தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாகச் சிரித்துக்கொண்டே வருவாள். சில நாள் விடிந்ததுமே பிடரியைப் பிடித்துக்கொள்வாள். வலி அங்கே கிளம்பி, வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து இடிக்குமாம். அன்றைக்குச் சீப்பு ஆகாது, பூ ஆகாது, காதுத் தோடுகூட ஆகாது. மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல் அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பாள். குடம் வலிக்காத தலைக்கு ஒரு முழம் மல்லிகை எப்படி வலிக்கும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குப் பிடரியும் சேர்ந்து இறுகும், காற்றுப் பட்டாலும் தோல் நோகும் என்று இன்றைக்கு யாரும் சொல்வார்கள். அன்று எங்கள் வீட்டில் கழுத்து வலி என்றால் சுளுக்கு. சுளுக்கு என்றால் நான்.

யுத்தத்தால் அரிசிக்கு முடை வந்திருந்த காலம். ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள், காவடி எடுக்கும் உறவுக்காரர்கள் வந்து இறங்குகிற நேரம் பார்த்துச் சித்தி இருட்டறையில் சுருண்டு கிடந்தாள். நைனாவுக்கு அக்கா, எங்கள் அத்தை. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"ஊரே மலையேறிகினு கீது, இவளுக்கு மட்டும் கழுத்து புடிச்சிக்குமா? வேலைன்னா வருது, சோறுன்னா போவுது!" அப்புறம் சித்தப்பாவிடம் திரும்பினாள். "நம்ம பொண்ணு கால வெக்கட்டும். சுளுக்குன்னா போயிடணும். போவலேன்னா நடிப்பு. கிருத்திகை முடிஞ்சதும் நகரிக்கு வண்டி ஏத்திடு."

சித்தப்பா துண்டின் நுனியைத் திரித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

என் காலுக்கு இத்தனை பெரிய வேலை அதுவரை வந்ததில்லை. முந்தானையில் வெல்லம் முடிந்து வைத்து எனக்குத் தருகிறவள் சித்தி ஒருத்திதான். காலை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தேன். குப்புறப் படுத்திருந்தவளின் பிடரியில் பூனை அடி வைப்பதுபோல் பாதத்தை வைத்தேன். "அம்மா!" என்று அலறினாள். மூட்டைக்கார ஆள் தன் முதுகில் என்னைக் குதிக்கவே சொல்வார். இவளை நான் தொட்டேனா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"பாத்தியா?" என்றாள் அத்தை சித்தப்பாவிடம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கால் பொய்யா, சித்தி பொய்யா? இரண்டும் எனக்கு வேண்டுமே! மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். சித்தி ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். "வையி கண்ணு" என்றாள்.

அடுத்த இரண்டு தரமும் சத்தமே இல்லை. விரல்கள் மட்டும் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்து, "போயிந்தி வதினா, போயிடிச்சி. பாப்பா காலு நல்ல காலு" என்றாள் அத்தையிடம்.

அத்தை சித்தியைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். என் கால் அவள் வீட்டுக் கால் ஆயிற்றே, அதைப் பொய் என்று சொல்ல முடியுமா? "ஆங், நான் சொல்லல? சுளுக்குதான்!" என்று கட்சி மாறிவிட்டாள்.

சித்தி அடுப்படிக்குப் போய், வந்தவர்களுக்கெல்லாம் கேழ்வரகுக் களி கிண்டினாள். தெருவில் பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. நான் காலை நீட்டி உட்கார்ந்து உறவுக்காரர்களுக்குக் கதை அளந்தேன்.

தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனால், விறகுக் கட்டுக்குப் பின்னால் சித்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் திருப்பாமல், முழு உடம்போடு என் பக்கம் திரும்பினாள்.

"சரியாப் போச்சே சித்தி, அப்புறம் என்ன?"

"ஆங், போச்சு கண்ணு. இந்தப் பின்னல மட்டும் அவுத்துவுடு. தலையத் தொடாத."

தலையைத் தொடாமல் பின்னலை எப்படி அவிழ்ப்பது? நுனியிலிருந்து புரி புரியாகப் பிரித்துக்கொண்டு வந்தேன். கழுத்தருகே வந்ததும் போதும் என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வைத்தியக் கூலியாக ஒரு துண்டு வெல்லம் தந்தாள். வாயில் போட்டுக்கொண்டு காவடி பார்க்க ஓடினேன்.

அதற்கப்புறம் எத்தனையோ நாள் ஆசையாகக் கேட்டிருக்கிறேன், கழுத்து வலிக்கிறதா, கால் வைக்கட்டுமா என்று. இப்போதெல்லாம் வலியே வருவதில்லை என்பாள். வலியே வராதவள், நான் பக்கத்தில் வந்து காலை நீட்டினால் மட்டும் ஏன் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.