தொண்ணூற்றாறாம் பக்கம்

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் பாய்லர் பார்க்கிறேன். ஏழாவதோடு படிப்பு நின்றது. அதன் பிறகு எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படித்ததில்லை. இந்த வருஷம் ஒரு புத்தகமாவது படித்து முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே இலக்கு வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது எழுதி முடித்து வீட்டில் இருந்த மகளிடம் கேட்டேன். பள்ளியில் பரிசாக வந்த நாவலைக் கொடுத்தாள். உப்பளத்து ஊரில் ஒரு சிறுமி வளர்ந்து பெரியவளாகிற கதை. இருநூற்று நாற்பது பக்கம்.

“ஒரு நாளைக்குப் பத்து பக்கம் படிப்பா. எதுவரைக்கும் படிச்சன்னு காலண்டர்ல எழுதிக்கினே வா. நான் பாப்பேன்.”

“இன்னா, சூப்பர்வைசர் வேலையா?”

“ஆமா. ஏமாத்தக் கூடாது.”

நாலு நாள் ஒழுங்காகப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். பத்து பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கேன்டீனில் பிரித்தால், உடன் வேலை செய்கிறவர்கள் விடவில்லை. “இன்னாண்ணா, கலெக்டர் பரீட்சையா? போஸ்டிங் வந்தா எங்களையும் கவனி.”

ஐந்தாம் நாள் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து காலண்டரில் ஐம்பது என்று எழுதினேன்.

அப்படி எழுதுவது எனக்குப் புதிதில்லை. பாய்லரில் மணிக்கு ஒரு முறை பிரஷர் முள்ளைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். முள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். பார்க்காமலே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டு டீ குடிக்கப் போவேன். ஒன்றும் ஆனதில்லை.

அறுபது. எழுபது. எண்பது. தொண்ணூறு. நூறு எழுதிய அன்று மகள் காலண்டர் முன்னால் நின்றாள்.

“நூறு ஆயிடுச்சாப்பா?”

“ஆச்சே.”

“ஒண்ணும் சொல்லலியே.”

“நல்லாத்தான் கீது கதை.”

நூறு என்று எழுதியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தேன். அடுத்த திங்கட்கிழமை சேர்ந்தாள். மறுத்துப் பேசவில்லை. காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. நான் இருநூற்று நாற்பது வரை எழுதி முடித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பராமரிப்புக்காக பாய்லரை அணைத்தார்கள். எனக்கு லீவு. வீட்டில் புத்தகம் கண்ணில் பட்டபடியே இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து படித்தேன். மூன்றாம் நாள் மதியம் தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு வந்தேன். கதையில் வரும் பெண், மேலே படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்ல முடியாமல் உப்புக் குவியலுக்குப் பின்னால் நிற்கிறாள். அந்தப் பக்கத்தில் மடித்த தாள் ஒன்று இருந்தது. மகள் கையெழுத்து.

‘அப்பா, நானும் இவள மாதிரிதான். கம்பெனி வேணாம். காலேஜ் போறேன். நேர்ல சொல்ல பயம். படிச்சிட்டு சொல்லு.’

சாயங்காலம் வந்தவளிடம் தாளைக் காட்டினேன். “இன்னிக்குத்தான் பாத்தேன்.”

“நூறுன்னு எழுதினியே.”

“படிக்காம எழுதினேன்.”

சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போட்டாள். “நீ பாத்துட்டுதான் கம்முனு கீறன்னு நெனச்சேன். வேணாம்னு சொல்றன்னு நெனச்சேன்.”

“காலேஜ்ல இப்ப கேட்டா?”

“அட்மிஷன் மூடிட்டாங்க.”

“வர்ற வருஷம் சேத்து வுடறேன்.”

“அதையும் காலண்டர்ல எழுதிடு.”

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லாக் ஷீட்டில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. எழுதினது தெரியும்படி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காலண்டரைப் பின்னால் திருப்பினேன். ஐம்பது முதல் இருநூற்று நாற்பது வரை இருபது எண்கள். இருபதுக்கும் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டேன். மகள் நின்று பார்த்தாள்.

“நெசமா எதுவரைக்கும் படிச்ச?”

“தொண்ணூத்தாறு.”

“அத எழுது.”

அன்றைய கட்டத்தில் எழுதினேன்.