பெரிய லைன் ஸ்டாப்

வேலை நிமித்தமாக வாரம் ஒருமுறை கீழ் கோத்தகிரிப் பக்கம் போகும் மினி பஸ்ஸில் ஏறுவேன். அதில் ஒரு கண்டக்டர் இருந்தார். குல்லாயும் மஃப்ளரும் மூடியதுபோக, முகத்தில் மீசையும் விசிலும்தான் வெளியே தெரியும்.

மலைச்சரிவில் ஒரு வளைவு வந்தால் அவர் குரல் தானாக ஏறிவிடும்.

"பெரிய லைன் எறங்கறவங்க முன்னால வாங்க! தள்ளாம ஒவ்வொருத்தரா எறங்குங்க!"

பஸ்ஸில் இருப்பது நாலைந்து பேர். யாரும் அசையமாட்டோம். வெளியே, தோட்டத் தொழிலாளர்கள் முன்பு குடியிருந்த லைன் வீடுகள் கூரையில்லாமல் வெறும் சுவராக நிற்கும். தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை தலைதூக்கிப் பார்க்கும். ஒரு கூட்டமே இறங்கி முடிக்கும் நேரம்வரை பொறுத்திருந்து, அவர் விசில் ஊதுவார்.

"ஏனுங்க, இங்கதான் ஒருத்தருமே இல்லீங்களே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இல்லைன்னு யாருங்க சொன்னது? எல்லாரும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருக்காங்க. நான்பாட்டுக்கு நிறுத்தாம போனா ஸ்டாப்பையே எடுத்துருவாங்க. அப்புறம் லீவுக்கு வர்றவங்க எங்கீங்க எறங்குவாங்க?"

அடுத்த வாரம் அவர் கூவியதும், அந்த இடத்தைத்தான் பார்த்துவிடுவோமே என்று எழுந்து இறங்கினேன். விசில் சத்தம் கேட்கவில்லை. திரும்பினால், அவரும் பதறிக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்து என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, எங்க போறீங்க? இங்கதான் ஒருத்தருமே இல்லீங்களே!"